அன்றாடத்தைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் கேமரா இருக்கிறது, எடுக்க ஆசையும் இருக்கிறது, எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்காக எழுதியது இது. புகைப்படம் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நேராக உங்கள் கேள்விக்குப் போய்விடலாம், வரிசையாகப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

அன்றாட வாழ்க்கையைப் படமெடுப்பது என்றால் என்ன? எல்லோரும் தினமும் செய்வதுதானே?

எடுக்கிறோம், ஆனால் பெரும்பாலும் விசேஷங்களை மட்டும். கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள், ஊட்டி டூர், புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்த நாள். உங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். பட்டுப்புடவையில் அம்மா இருப்பார். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு விடிகாலையில் பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கும் அம்மா இருக்க மாட்டார். இத்தனை வருஷமாக நீங்கள் பார்த்துவரும் அம்மா அந்த இரண்டாவது அம்மாதான். அவரை எடுப்பதுதான் இங்கே பேச்சு.

இதற்கென்று ஒரு நாளை ஒதுக்கி எங்கும் கிளம்ப வேண்டாம். நீங்கள் எப்படியும் வாழப்போகிற நாளுக்குள்ளேயே கேமராவும் இருக்கட்டும்.

என் வாழ்க்கையில் எடுக்க என்ன இருக்கிறது? வீடு, பஸ், ஆபீஸ், மறுபடி வீடு.

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் எல்லோருமே நிஜமாகவே அப்படி நம்புகிறார்கள்.

இன்றைக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமராப் படத்தைப் பாருங்கள். பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827-இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. பக்கத்துக் கட்டடம், ஒரு கூரை, ஒரு மரம். மலையும் இல்லை, மாளிகையும் இல்லை. அடுத்து 1838-இல் தாகேர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ் தெரு ஒன்றை எடுத்தார். பல நிமிஷம் ஒளி விழுந்தால்தான் தகட்டில் ஏதாவது பதியும் என்ற காலம் அது. அதனால் தெருவில் நடந்தவர்கள், ஓடிய வண்டிகள் எதுவுமே பதியவில்லை. ஓரமாக நின்று தன் காலணிக்குப் பாலிஷ் போடவைத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் அசையாமல் இருந்ததால் படத்தில் பதிந்தார். மனித உருவம் பதிந்த முதல் படம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். 1976-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, ‘இதில் என்ன இருக்கிறது, ஒரே சலிப்பு’ என்று விமர்சகர்கள் சிலர் திட்டித் தீர்த்தார்கள். குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளையும், அடுப்பின் உள்பக்கத்தையும் எடுத்திருந்தார் மனிதர். இன்று வண்ணப் புகைப்படத்தைப் பற்றிப் பேசும் யாரும் அந்தக் காட்சியைச் சொல்லாமல் போவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆபீஸ் போகும் வழியில் நீங்கள் தினம் நிற்கும் டீக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் எந்தக் கையால் ஆற்றுவார், எவ்வளவு உயரம் தூக்குவார் என்று உங்களுக்குத் தெரியும். எட்டேகால் வாக்கில் எதிர்க் கட்டடத்தைத் தாண்டி வரும் வெயில் நேராக பாய்லரில் விழும், அப்போது ஆவி வெள்ளையாகத் தெரியும், எட்டரைக்கு மேல் அது இருக்காது என்பதும் தெரியும். டீத்தூள் பை எந்த ஆணியில் தொங்குகிறது, கடன் சொல்பவர்களை மாஸ்டர் எப்படிப் பார்ப்பார், பேப்பரை முதலில் எடுக்கும் பெரியவர் எந்தப் பக்கத்தைத் திருப்புவார் எல்லாம் தெரியும். வெளியூரிலிருந்து பெரிய கேமராவோடு வருகிறவருக்கு இதில் பாதி புரியவே மாதக்கணக்கில் ஆகும். உங்களுக்கு டீ குடித்த செலவோடு சரி.

இந்தப் பழக்கம்தான் முதல். எங்கே நிற்பது, எப்போது அமுக்குவது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. மீதியைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும்.

இது போன் வந்த பிறகு வந்த பழக்கமா?

இல்லை. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் கேமராவை விற்க ஆரம்பித்தபோதே வீட்டுக்கு வீடு படம் என்பதுதான் திட்டம். 100 படத்துக்கான ஃபிலிம் உள்ளேயே இருக்கும். தீர்ந்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும், கழுவி, பிரிண்ட் போட்டு, புது ஃபிலிமும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். 1900-இல் ஒரு டாலருக்கு பிரௌனி கேமரா வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்கே கேமரா போய்விட்டது. அப்புறம் 1925-இல் கோட்டுப் பைக்குள் அடங்கும் லைக்கா கேமரா வந்தது.

பிரான்சில் லார்திக் என்றொரு பையன். 1894-இல் பிறந்தவன், பணக்கார வீடு, சின்ன வயதிலேயே அப்பா கேமரா வாங்கிக் கொடுத்துவிட்டார். அண்ணன் ஏதோ வண்டி செய்து ஓட்டுவது, சொந்தக்காரர்கள் குதிப்பது, விழுவது என்று வீட்டுக் கூத்தை எல்லாம் எடுத்துத் தள்ளினான். அவை கலையுலகின் கண்ணில் பெரிதாகப் பட்டது 1963-இல், அவர் எழுபதை நெருங்கும்போது.

ஆனால் எனக்கு லார்திக்கைவிட விவியன் மையரைத்தான் பிடிக்கும். சிகாகோவில் பணக்கார வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போதே கழுத்தில் ரோலிஃப்ளெக்ஸ் கேமரா தொங்கும். ஒரு லட்சத்துக்கும் மேல் எடுத்திருக்கிறார், பெரும்பாலும் யாருக்கும் காட்டவில்லை, எத்தனையோ ஃபிலிம் சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வாடகை கட்டாததால் ஏலத்துக்குப் போன அவருடைய பெட்டிகள் 2007-இல் வேறு கைகளுக்கு மாறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 2009-இல் அவர் இறந்தார், தன் பெயர் உலகுக்குத் தெரியப்போகிறது என்பதே தெரியாமல். வேலைக்குப் போகிறேன், நேரமில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் அவர் கதையைத்தான் சொல்வேன். அவர் படமெடுத்த நேரமே வேலை நேரம்.

நம் பக்கத்தில் இப்படி எடுப்பவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். வாடிப்பட்டிக்காரரான ஜெய்சிங் நாகேஸ்வரன் கொரோனா ஊரடங்கில் ஊருக்குத் திரும்பியபோது தன் சொந்தக் குடும்பத்தையே எடுத்தார். தலித் குடும்பம் என்றாலே அழுகையும் அவலமும்தான் காட்ட வேண்டும் என்று எழுதாமல் ஒரு சட்டம் இருக்கிறது அல்லவா, அதை அவர் படங்கள் கண்டுகொள்வதே இல்லை. வீட்டுப் பிள்ளைகள், கிணறு, விளையாட்டு, பகல் தூக்கம் என்று உள்ளேயிருந்து பார்க்கும் படங்கள்.

மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த எம். பழனிகுமார், மீன் விற்கும் தன் தாயின் வாழ்க்கையைப் படங்களாகவும் எழுத்தாகவும் பதிந்திருக்கிறார். தூய்மைப் பணியாளர்களைப் பல வருடங்களாக எடுத்துவருபவர். கிராமப்புற வாழ்க்கையைப் பதிவு செய்யும் ‘பாரி’ இணைய இதழோடு சேர்ந்து புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பெயரில் தொடங்கப்பட்ட ஆவணப் புகைப்பட விருதை 2022-இல் முதலில் பெற்றவரும் அவர்தான். இதையெல்லாம்விட, தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேமராவைச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் எடுத்ததையே காட்சிக்கு வைக்கிறார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெளியாள் போய் எடுத்தால் அந்தத் தெரு ஒரு ‘சப்ஜெக்ட்’. அங்கே வளர்ந்த பிள்ளை எடுத்தால் அது அவன் தெரு.

நல்ல கேமரா வாங்க வேண்டுமா?

வேண்டாம். போன் போதும். பின்பக்கக் கேமராவின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள், பாதிப் பேருடைய படங்கள் அதிலேயே தெளிந்துவிடும்.

போனை ஆட்டோவில் விட்டு, ஜூம் பண்ணாமல், காலால் கிட்டே போங்கள். ஏற்கெனவே வீட்டில் பழைய டிஎஸ்எல்ஆர் கிடந்தால் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாட்டி அதிலேயே எடுத்துப் பழகலாம். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதியை 50 மில்லிமீட்டர் ஒன்றை வைத்தே ஓட்டியவர்.

வீட்டுக்குள் எடுத்தால் இருட்டாக, கலங்கலாக வருகிறது. சில சமயம் கறுப்புப் பட்டைகள் வேறு.

மூன்று வேறு பிரச்சினைகளை ஒன்றாகச் சொல்கிறீர்கள்.

பட்டைகள் டியூப்லைட்டாலும் மலிவான எல்இடியாலும் வருகின்றன. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, அதனால் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் கேமராவுக்குத் தெரியும். போனில் ‘ப்ரோ’ பகுதிக்குப் போய் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், பட்டை போய்விடும்.

கலங்கல், கையோ ஆளோ அசைவதால் வருவது. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும், அதற்குள் பாட்டி தலையைத் திருப்பிவிடுவார். முழங்கையை இடுப்பில் ஒட்டி, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு எடுங்கள். வேலை செய்யும் ஆளின் கை கலங்கலாக இருப்பதில் தப்பே இல்லை. தோசை திருப்பும் கை கல்லில் ஒட்டிய மாதிரி உறைந்து நின்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இருட்டுக்கு மருந்து ஃப்ளாஷ் இல்லை. முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிவிடும், பின்னால் இருக்கும் அடுப்படி காணாமல் போய்விடும். பதிலுக்கு, உங்கள் வீட்டில் எந்த மணிக்கு எந்த ஜன்னலில் வெளிச்சம் வருகிறது என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பாருங்கள். ஓட்டு வீடாக இருந்தால் கண்ணாடி ஓடு ஒன்று இருக்குமே, அதன் வழியாக விழும் சதுர வெளிச்சம் தரையில் ஊர்ந்து சுவரில் ஏறும். அந்தச் சதுரம் அம்மிக்கல் பக்கம் வரும் நேரமும், யாராவது அங்கே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவும் நேரமும் ஒன்றாகிற நாள் கட்டாயம் வரும். அடுக்கு மாடி என்றால் துணி காயப்போடும் பால்கனிதான் உங்கள் ஸ்டூடியோ. வெள்ளை வேட்டி காய்ந்துகொண்டிருந்தால் அதற்கு இந்தப் பக்கம் ஆளை நிற்க வையுங்கள். நேர் வெயில் வேட்டியில் வடிகட்டி மென்மையாக வரும், எந்த லைட்டும் இதை மிஞ்சாது. அப்புறம், டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பிப் பாருங்கள். இரண்டும் கலந்தால்தான் முகம் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறு நிறமுமாக வருகிறது.

கறுத்த முகங்கள் ஒன்று இருளடைந்து வருகின்றன, இல்லையென்றால் சாம்பல் பூசியது போல.

கேமராவுக்கு எதிரில் இருப்பது என்னவென்று தெரியாது. மொத்த வெளிச்சத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன்னால் தாத்தா நின்றால், சுவர் ரொம்ப வெளிச்சம் என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துவிடும், முகம் போய்விடும். முகம் மட்டும் பிரேம் முழுக்க இருந்தால், இருட்டாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கூட்டிவிடும், தோல் வெளிறிவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினால் அந்த இடத்து வெளிச்ச அளவைக் கேமரா பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்துச் சரிசெய்யலாம். எண்ணெய் தேய்த்த தோளிலும் கன்னத்திலும் ஒரு பளபளப்பு இருக்கிறதா, அது தெரிகிற அளவில் நிறுத்துங்கள்.

முதல் வேலையாக ‘பியூட்டி’ வசதியை அணைத்துவிடுங்கள். சிவப்பாக்கிக் காட்டுவதை அழகாக்குவது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். கோடக் லேப்களுக்கு அனுப்பிய வண்ண அளவு அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது, அந்த நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. 1990-களில்தான் பல நிற முகங்கள் உள்ள அட்டை வந்தது. உங்கள் அப்பாவின் கல்யாண ஆல்பத்தில் எல்லோரும் ஒரு மாதிரி இருப்பதற்கு ஸ்டூடியோக்காரரின் ரோஸ் பவுடர் மட்டும் காரணம் இல்லை.

கேமராவைத் தூக்கினாலே எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள். அம்மா, ‘இரு, தலை சீவிட்டு வரேன்’ என்று போய்விடுகிறார்.

சீவிவிட்டு வரட்டும். அவர் கேட்டபடி ஒன்று எடுங்கள், காட்டுங்கள், ‘நல்லாருக்கா?’ என்று கேளுங்கள். நம்மிடம் படம் என்றாலே ஸ்டூடியோவில் திரைச்சீலை முன்னால் நேராக நிற்பது என்று பழகியது. அதில் ஒரு மரியாதை இருக்கிறது, அதைக் கிண்டல் செய்யாதீர்கள். அந்தப் படம் முடிந்ததும் அவர் திரும்ப அடுப்பைப் பார்க்கப் போவார். நீங்கள் அங்கேயே இருங்கள்.

கேமரா எப்போதும் மேசைமேல் கிடக்கட்டும். எடுக்காத நாளிலும் கையில் இருக்கட்டும். இரண்டு வாரத்தில் வீட்டில் இன்னொரு சாமானாகிவிடும். போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்காமல் நெஞ்சு உயரத்தில் வைத்து எடுப்பதும் உதவும். மையரின் ரோலிஃப்ளெக்ஸும் மேலிருந்து குனிந்து பார்க்கும் வகைதான். எதிரில் இருப்பவருக்கு உங்கள் முகம் மறையாது, பேச்சும் அறுபடாது.

இன்னொன்று. ‘அத்தை, அந்தப் பக்கம் பார்க்காதீங்க’, ‘மறுபடி ஒரு தடவை ஊத்துங்க’ என்று ஆட்டிவைக்காதீர்கள். தவறிய கணம் போகட்டும், நாளைக்கும் அவர் குழம்பு வைப்பார். தினமும் நடப்பதை எடுப்பதில் உள்ள பெரிய சௌகரியமே இதுதான். தேர்த் திருவிழாவுக்கு அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும், குழம்புக்கு வேண்டாம்.

தெருவில் தெரியாதவர்களை எடுக்கலாமா?

பொது இடத்தில் படமெடுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. பெண்களின் அந்தரங்கத்தை எடுப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 77-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது. தடை அறிவிப்பு வைத்திருக்கும் இடங்களில் கேமராவை உள்ளே வையுங்கள்.

சட்டம் அவ்வளவுதான். அதற்கு மேல் இருப்பது மரியாதை. வாரக் கடைசியில் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். மீன் கூடையைத் தூக்க வழியில்லாமல் குறுக்கே ஒருவர் லென்ஸோடு உட்கார்ந்திருப்பார். குலசேகரன்பட்டினம் தசராவில் காளி வேஷம் கட்டிய ஒருவரைச் சுற்றிப் பத்துக் கேமரா நிற்கும். மாலை போட்டு விரதமிருந்து வந்தவர் அவர், இவர்களுக்கு அவர் சிவப்பு நிறமும் பல்லும் மட்டும்தான். இந்தப் படங்கள் எல்லாம் ஒன்று போலவே இருப்பது தற்செயல் இல்லை. ஒரு மணி நேரத்தில் கிடைப்பது எல்லோருக்கும் ஒன்றுதான்.

நான் சொல்வது இது. நீங்கள் காய்கறி வாங்கும் கடையில் எடுங்கள். நீங்கள் தினம் ஏறும் பஸ்ஸில் எடுங்கள். ‘அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?’ என்று கேட்டு, வேண்டாம் என்றால் வெண்டைக்காயை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். எடுத்தால் அடுத்த வாரம் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்புவது வேறு, கையில் கொடுப்பது வேறு. அந்தப் பிரிண்ட் தராசுக்குப் பின்னால் சாமி படத்தோடு ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்தால் புரியும். அதற்குப் பிறகு அந்தக் கடையில் நீங்கள் எதை எடுத்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

தூங்குகிறவர், குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர், பிச்சையெடுப்பவர், ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர் ஆகியோரை விட்டுவிடுங்கள். உங்கள் சித்தப்பா அந்த நிலையில் இருந்தால் எடுப்பீர்களா?

கோயிலுக்குள்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. வெளியே பூக்கட்டுபவர்கள், செருப்பு பார்த்துக்கொள்பவர், பொங்கல் தொன்னையோடு படியில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் என்று கோபுரத்துக்கு இந்தப் பக்கமே வேண்டியது இருக்கிறது.

துக்க வீட்டில் படமெடுப்பது சரியா?

நம் ஊரில் இது புதிதே இல்லை. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, குடும்பம் சுற்றி நிற்க ஸ்டூடியோக்காரரை அழைத்துப் படமெடுத்த காலம் ஒன்று உண்டு. பல குடும்பங்களில் அந்த மனிதருக்கு இருந்த ஒரே படம் அதுதான். அதுவும் இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவின் ஓரத்தில் நிற்கும் தலையை வெட்டி, பெரிதாக்கி, தோளில் ஒட்டியிருந்த பக்கத்து ஆளின் கையை அழித்து, ஒரு நீலப் பின்னணி போட்டு மாட்டிவிடுவார்கள். இப்போது ஆதார் அட்டைப் படம் அந்த வேலையைச் செய்கிறது. எழுபது வருஷம் வாழ்ந்த பாட்டி, அரசாங்கக் கேமராவைப் பார்த்து மிரண்ட ஒரு நொடியாகச் சுவரில் தொங்குகிறார்.

ஆகவே, என் பதில்: இறந்த பிறகு என்ன எடுப்பது என்பதைவிட இப்போது எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். பாட்டி வெற்றிலைக்கு நரம்பு கிள்ளும்போது, பேரனுக்குப் பேன் பார்க்கும்போது, மத்தியானம் வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும்போது எடுங்கள். துக்க வீட்டில், நீங்கள் அந்த வீட்டு ஆளாக இருந்து, நெருங்கியவர்கள் சரி என்றால், ஓரிரண்டு எடுக்கலாம். நாற்காலி இறக்குவதற்கும் காபி கொடுப்பதற்கும் ஆள் தேவைப்படும் நேரம் அது. அந்த வேலை முதலில்.

எப்போதும் படமெடுத்துக்கொண்டிருந்தால் வாழ்வதை விட்டுவிட மாட்டோமா?

நியாயமான பயம். லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் சில பொருள்களைப் பார்க்க மட்டும், சிலவற்றைப் படமெடுக்கவும் மாணவர்களுக்குச் சொன்னார். மறுநாள் கேட்டால், படமெடுத்த பொருள்களைப் பற்றிய ஞாபகம்தான் குறைவு. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுக்கச் சொன்னவற்றில் அந்த மறதி ஏற்படவில்லை.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: முழுசையும் அள்ளிப்போட எடுக்கும் படம் மறதிக்கு உதவும், ஒன்றைக் கவனித்து எடுக்கும் படம் ஞாபகத்துக்கு உதவும். மகளுக்கு முதல் சைக்கிள் சொல்லிக்கொடுக்கும்போது சீட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை முக்கியம். மற்றொரு கையால் முடிந்தால் ஒன்று எடுங்கள்.

குழந்தைகள் படத்தை இணையத்தில் போடலாமா?

குளிக்கும் படம், பள்ளிச் சீருடையில் பள்ளிப் பெயர் தெரியும் படம், அழுது அடம்பிடிக்கும் படம் வேண்டாம். மற்றதற்கும் விவரம் தெரிந்த வயதென்றால் அவர்களையே கேளுங்கள். எடுப்பதும் போடுவதும் ஒன்றில்லை. அன்றாடப் படங்களில் பெரும்பகுதி வீட்டுக்குள் இருக்க வேண்டியவை.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கலையாக இருக்குமா?

இருக்காது. மஞ்சள் தடவிய நிலைப்படியையும், ரோஸ் நிறச் சுவரையும், பச்சைப் பிளாஸ்டிக் குடத்தையும் சாம்பல் ஆக்குவதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருந்தால் செய்யுங்கள்.

ஆயிரக்கணக்கில் குவிந்துவிட்டது. என்ன செய்வது?

மாதக் கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து அழியுங்கள். குட் மார்னிங் ரோஜாப்பூக்கள், ஒரே காட்சியின் ஏழு நகல்கள், ரசீதுகள் எல்லாம் போகட்டும். மிச்சத்தில் பத்து, பதினைந்து படங்களைத் தனி ஆல்பத்தில் போடுங்கள். கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் அழிக்காதீர்கள். இன்று பின்னணியில் கவனிக்காமல் விட்ட பழைய ஃபிரிட்ஜும், சுவரில் பிள்ளைகள் உயரம் குறித்த கோடுகளும்தான் பத்து வருஷம் கழித்து எல்லோரும் முதலில் பார்ப்பது.

வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி போன்ற தகவலும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். மூலப் படங்கள் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே: கிளவுடோ, தங்கை வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கோ. 2015 வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் பரணில் ஏற்ற மறந்த ஆல்பங்கள்தான் முதலில் போயின.

வருஷத்துக்கு ஒருமுறை பிரிண்ட் போடுங்கள், நாலுக்கு ஆறு அளவே போதும். ஆல்பத் தாளிலேயே பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடும் வகை ஆல்பம் வாங்காதீர்கள், சில வருஷத்தில் படம் மஞ்சளாகி, உரிக்கவும் வராது. பை பையாக இருக்கும் ஆல்பம் நல்லது. படத்தின் முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், அதனால் சின்னத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பைக்குள்ளேயே செருகுங்கள். யார், எந்த ஊர், எந்த மாதம், என்ன செய்துகொண்டிருந்தார். ‘அத்தை’ என்று மட்டும் எழுதாதீர்கள், உங்கள் பிள்ளைக்கு அது எந்த அத்தை என்று தெரியாது. பழைய ஆல்பங்களுக்கும் இதைச் செய்யலாம். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே உட்கார்ந்து செய்யுங்கள், அவர் சொல்வதைப் போனில் பதிந்துகொண்டு அப்புறம் எழுதலாம்.